மொரீஷியஸ் மக்கள்தொகை: 68, 27, 3, 2 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் ஒரு சின்ன நாட்டை எடுத்துச் சுவர்ப்படம் செய்வார்கள். இந்த முறை மொரீஷியஸ். எரிமலைப் பாறை, கரும்பு, டோடோ பறவை எல்லாம் ஒட்டி முடித்துவிட்டோம். 'மக்கள்' என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டோம்.

ஒரு மாணவி 68 சதவீதம் இந்தியர், 27 கிரியோல், 3 சீனர், 2 பிரெஞ்சு வழியினர் என்று எழுதி வந்தாள். இன்னொரு பையன் கொண்டுவந்ததில் இந்து 48.5, கத்தோலிக்கர் 26, முஸ்லிம் 17 என்று இருக்கிறது. அதில் சீனரையும் காணோம், கிரியோலையும் காணோம். மூன்றாமவன் ஒரு பட்டியலைக் காட்டி, "சார், இதில் தமிழ் என்று மதம் போட்டிருக்கிறார்கள். தமிழ் எப்படி மதமாகும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றில் எதை ஒட்டுவது? யாராவது விளக்கினால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

#2 எண்ணிக்கை

ஐயா, உங்கள் மாணவி கொண்டுவந்த கணக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதன் வேர் 1972 கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு மொரீஷியஸ் அரசு, 'நீ எந்தச் சமூகம்' என்று கேட்டு யாரையும் எண்ணவில்லை. 1982-இல் ஆட்சி மாறியதும் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். 1983-இலிருந்து இன்றுவரை படிவத்தில் அது கிடையாது.

1972-இல் வந்த கணக்கு இதுதான்: இந்து ஏறத்தாழ 52 சதவீதம், முஸ்லிம் 17-க்குச் சற்றுக் குறைவு, சீனர் 3-க்குச் சற்றுக் குறைவு, இந்த மூன்றிலும் சேராத மற்ற எல்லோருக்குமான 'ஜெனரல் பாப்புலேஷன்' என்ற பொதுப் பிரிவு 29-ஐ ஒட்டி. மொத்தம் எட்டே கால் லட்சம் பேர். இதில் 'இந்தியர்' என்று ஒரு பெட்டியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்துவையும் முஸ்லிமையும் கூட்டி 68 ஆக்கியது பின்னால் வந்தவர்கள் செய்தது. கிரியோல் என்றும், அதாவது ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்றும், ஒரு பெட்டி இல்லை. பொதுப் பிரிவை மதிப்பீட்டில் உடைத்து 27, 2 என்று பிரித்திருக்கிறார்கள். உலகத் தகவல் நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில் அது இன்றைய கணக்குப் போலவே நிற்கிறது.

அந்தப் பையனின் பட்டியல் 2011 கணக்கெடுப்பிலிருந்து வந்த மதக் கணக்கு. மதம் கேட்கிறார்கள், முன்னோர் மொழி கேட்கிறார்கள், வீட்டில் பேசும் மொழி கேட்கிறார்கள். இனம் மட்டும் கேட்பதில்லை. சீனர் ஏன் காணாமல் போனார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். மதப் பட்டியலில் அவர்கள் கிறிஸ்தவர்களோடு கலந்துவிடுவார்கள். பௌத்தர் என்ற வரியில் தேடினால் அரை சதவீதம்கூடத் தேறாது.

ஆக, இரண்டு பிள்ளைகளும் தவறில்லை. வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்களை ஒரே கட்டத்தில் ஒட்டப் பார்க்கிறீர்கள்.

#3 சோழநாடன்

ஆசிரியர் ஐயா, முக்கியமானதை விட்டுவிடாதீர்கள். மொரீஷியஸில் மூத்த குடி தமிழர்தான். ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருக்கிறது. உண்மையில் கால்வாசிக்கு மேல் தமிழர்கள் இருப்பார்கள், எண்ணாமல் மறைக்கிறார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். சுவர்ப்படத்தில் அதைப் பெரிதாகப் போடுங்கள்.

#4 ரோஸ்ஹில்

வணக்கம். நான் மொரீஷியஸில் பிறந்தவன், ரோஸ் ஹில் ஊர். ஐந்தாம் தலைமுறை. தமிழைப் பள்ளியில் கற்றேன், பிறகு தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு படித்தேன். எங்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. என் பாட்டிகூட என்னோடு கிரியோலில்தான் பேசுவார், சாமி கும்பிடும்போது மட்டும் தமிழில் பாடுவார்.

சோழநாடன் அண்ணா, உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் கால்வாசி என்பது சரியில்லை. மதக் கேள்விக்குத் தங்களைத் தமிழ் என்று எழுதுகிறவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் எங்களுக்கு நல்லது.

மூத்த குடி என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தத் தீவில் ஆதிக்குடி என்று யாரும் கிடையாது. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்தபோது மனிதர்களே குடியிருக்கவில்லை. 1710-இல் அவர்கள் விட்டுப் போனார்கள், 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுகமும் கட்டடங்களும் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தச்சர், கொத்தனார், கல்வேலைக்காரர்களை வரவழைத்தார். தமிழர்கள் அப்போதே வந்தார்கள் என்பது உண்மை. தலைநகர் போர்ட் லூயிஸின் கிழக்கே அவர்கள் குடியிருந்த இடத்துக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். ஆனால் அதே கப்பல்துறையில், அதே ஆண்டுகளில், மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களும் எங்களுக்குக் குறையாமல் மூத்தவர்கள், எண்ணிக்கையிலும் மிக அதிகம். மூத்த குடி என்று எங்களை மட்டும் எழுதினால் அவர்களை இரண்டாம் முறை அழிப்பதாகிவிடும்.

#5 புதுவையான்

ரோஸ்ஹில் தம்பி சொன்னது சரி. எங்கள் ஊரிலிருந்து போன கொத்தனார்களில் பலர் அங்கேயே கிறிஸ்தவர்களாகி, கலப்பு மணம் செய்து, பிறகு பொதுப் பிரிவுக்குள் போய்விட்டார்கள். இன்று கிரியோல் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களிலும் தமிழ்ப் பெயரின் எச்சம் உண்டு.

எனக்குப் பக்கத்துத் தீவான ரெயூனியனில் உறவினர்கள் இருக்கிறார்கள். அங்கே கதையே வேறு. அது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பிரெஞ்சு அரசு கணக்கெடுப்பில் யாருடைய இனத்தையும் மதத்தையும் கேட்காது. எங்கள் ஆட்கள், 'மல்பார்' என்று அழைக்கப்படுகிறவர்கள், நான்கில் ஒரு பங்கு இருக்கலாம் என்பதெல்லாம் வெறும் மதிப்பீடு. சோழநாடன் ஒருவேளை அந்தக் கணக்கைத்தான் கேள்விப்பட்டிருப்பார்.

#6 ரோஸ்ஹில்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. ரெயூனியனில் மல்பார் என்றால் தமிழ் வழியினர், அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மொரீஷியஸில் அதே சொல் வட இந்திய வழி இந்துக்களைக் குறிக்கும், அதுவும் மரியாதைக் குறைவாக. எங்களைத் தெருவில் 'மத்ராஸ்' என்பார்கள். இரண்டு தீவுக்கும் நடுவே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். பிள்ளைகள் யாராவது அங்கிருந்து வருகிறவர்களிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று சொல்கிறேன்.

#7 வைகைக்கரை

அப்படியானால் தமிழ் என்பது மதம் ஆன கதையையும் சொல்லிவிடுங்கள் தம்பி. அந்தப் பையன் தினமும் கேட்கிறான்.

#8 ரோஸ்ஹில்

சரி, சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் 'இந்து' என்று சாதாரணமாகச் சொன்னால் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரி முன்னோர்களைக் கொண்டவர்கள் என்று பொருள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாக வந்தவர்கள். மதராஸ் வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராத்தியரும் குறைவான எண்ணிக்கையில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோயில், தனிச் சங்கம், தனி விழா. அரசு கோயில் சங்கங்களுக்கு மானியம் கொடுக்கும்போதும் தனித்தனியாகவே கொடுக்கிறது. மகா சிவராத்திரி போஜ்புரி இந்துக்களுடையது, உகாதி தெலுங்கருடையது, விநாயகர் சதுர்த்தி மராத்தியருடையது, தைப்பூசக் காவடி எங்களுடையது என்று விடுமுறைகூடப் பிரிந்திருக்கிறது. மற்றவர்களும் வருவார்கள், அது வேறு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்குக் கிரியோல் நண்பர்களும் சீன வழியினரும் காவடி எடுத்து வருவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

இப்படிப் பிரிந்திருப்பதால், மதம் என்ன என்று அலுவலர் கேட்டால் என் அப்பா 'தமிழ்' என்பார். இந்துவா என்று கேட்டால் "இல்லை, தமிழ்" என்பார். அவர் கும்பிடுவது சிவனையும் முருகனையும்தான். சைவத்தை மறுத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. மொழி வீட்டிலிருந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது கோயில், விரதம், பெயர், வாழையிலையில் பரிமாறுகிற ஏழு கறி. அவற்றுக்கெல்லாம் சேர்த்து அவரிடம் இருக்கிற ஒரே சொல் 'தமிழ்'. உங்கள் மாணவனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள் ஐயா.

ரூபாய் நோட்டைப் பற்றிச் சோழநாடன் அண்ணா சொன்னார். நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி என்பதுதான் வழக்கமான வரிசை. 1998-இல் அச்சடித்த புது நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. ஆனாலும் அன்று அவர் ஊர்வலத்துக்குப் போனார்.

#9 உட்லண்ட்ஸ்

அந்தக் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி.

நான் சிங்கப்பூர். எங்களிடம் நேர் எதிர். அடையாள அட்டையிலேயே இனம் இருக்கும். சீனர், மலாய், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டி. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்த்து சீனர் 74, மலாய் 13.5, இந்தியர் 9 சதவீதம். வீட்டு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் எந்தப் புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை பேர் இருக்கலாம் என்று 1989-இலிருந்து உச்சவரம்பு உண்டு. 2011-இலிருந்து கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதியலாம். என் தங்கை மகன் 'சீனர்-இந்தியர்'. வீடு விற்க வாங்க வரும்போது முதலில் எழுதிய இனத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். மொரீஷியஸில் இனம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால், அந்த 1972 கணக்கு இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது? வெறும் பழக்கமா?

#10 எண்ணிக்கை

நல்ல கேள்வி அக்கா. பழக்கத்தால் இல்லை, சட்டத்தால். அந்த எண்களை வைத்து இன்றும் நாடாளுமன்ற இடம் பிரிக்கிறார்கள்.

1968-இல் விடுதலை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த தேர்தலில் விடுதலை வேண்டாம் என்ற பக்கத்துக்கு விழுந்த வாக்கு 44 சதவீதம். இந்துப் பெரும்பான்மை வந்தால் நமக்கு இடமிருக்காது என்ற பயம் கிரியோல், முஸ்லிம், சீனர் எல்லோரிடமும் இருந்தது. ரசாக் முகமது போன்ற முஸ்லிம் தலைவர்கள் உறுதியான இட ஒதுக்கீடு கேட்டார்கள். சமரசமாக வந்ததுதான் 'பெஸ்ட் லூசர்' முறை. 62 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். தோற்றவர்களில் அதிக வாக்கு வாங்கியவர்களிலிருந்து 8 பேர் வரை கூடுதலாகச் சேர்க்கலாம். எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்திருக்கிறதோ அந்தச் சமூகத்துக்காரரை எடுப்பார்கள். குறைந்திருக்கிறதா என்று எதை வைத்து அளப்பது? மக்கள்தொகையை வைத்து. எந்த ஆண்டு மக்கள்தொகை? 1972. கேள்வியை நீக்கிய அதே 1982 திருத்தம், இனி எப்போதும் 1972 கணக்கையே பயன்படுத்து என்று எழுதி வைத்துவிட்டது. அன்று எட்டே கால் லட்சம். இன்று பன்னிரண்டரை லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. இடையில் பிறந்தவர்கள், ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்டவர்கள், யாருமே அந்தக் கணக்கில் இல்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் அந்த நான்காம் பெட்டி. அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்வதன் சாரம்: நாட்டில் இந்துச் சமூகம், முஸ்லிம் சமூகம், சீன-மொரீஷியஸ் சமூகம் உண்டு. 'வாழ்க்கை முறையைப் பார்த்தால்' இந்த மூன்றில் எதிலும் சேராதவர் யாராக இருந்தாலும் பொதுப் பிரிவு. அதுதான் நான்காம் சமூகம். யார் நீ என்று கேட்காமல், இன்னார் இல்லை நீ என்று சொல்லிக் கட்டிய பெட்டி அது.

அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள். சர்க்கரை ஆலையும் நிலமும் வைத்திருக்கிற பிரெஞ்சு வழியினர், நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அவர்களுடைய முன்னோர் விலைக்கு வாங்கிய அடிமைகளின் பேரப் பிள்ளைகள். இடையில் பிறந்த கலப்பினத்தார். மொரீஷியஸின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸ்காரர்கள். 1968-க்கும் 1973-க்கும் இடையில் சாகோஸ் தீவுகளிலிருந்து பிரிட்டன் வெளியேற்றிய மக்களில் இங்கே வந்து இறங்கியவர்கள். ஆண்டையும் அடிமையும் ஒரே சமூகம் என்று சட்டம் சொல்கிறது. பிரெஞ்சு வழி முதலாளி ஒருவர் நாடாளுமன்றத்துக்குப் போனால், போர்ட் லூயிஸின் ஏழைப் பகுதியான ரோஷ் புவாவின் தகரக் குடிசைக்காரருக்கும் பிரதிநிதி கிடைத்துவிட்டதாகக் கணக்கு.

#11 செம்மண்

ரோஷ் புவா பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் ஒன்பது ஆண்டு அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வரிசை மேற்பார்வையாளராக வேலை செய்தேன். தங்கியது போர்ட் லூயிஸின் வடக்கு ஓரம். ரோஷ் புவா வழியாகத்தான் தினமும் பேருந்து.

என் தையல் வரிசையில் நாற்பது பெண்களில் பாதிப் பேர் கிரியோல். ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "உங்களுக்கு இந்தியா இருக்கிறது, சீனருக்குச் சீனா இருக்கிறது, எங்களுக்குக் கிழக்கே பார்த்தாலும் கடல், மேற்கே பார்த்தாலும் கடல்." அவர் மகனுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்கு நேர்முகம். பெயரைப் பார்த்ததுமே கேள்வியைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டார். அரசுப் பணியில் போஜ்புரி இந்துக்கள், பெருந்தோட்டத்தில் பிரெஞ்சு வழியினர், கடைவீதியில் சீனரும் குஜராத்தி முஸ்லிம்களும் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. நமக்கு எங்கே இடம் என்பது அவர்கள் கேள்வி. இதற்கு அங்கே 'மலேஸ் கிரியோல்', அதாவது கிரியோல் மனக்குறை, என்று ஒரு பெயரே உண்டு. 1993-இல் ரோஜர் செர்வோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அந்தச் சொல்லைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். 1999 பிப்ரவரியில், ரோஷ் புவாவில் வளர்ந்த பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்தபோது நாலைந்து நாள் நாடே பற்றி எரிந்தது. நான் போனது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அப்போதும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இன்னொன்று. என் தொழிற்சாலையில் மீதிப் பாதி யார் தெரியுமா? பங்களாதேஷ், சீனா, இந்தியா, மடகாஸ்கரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். விடுதியில் தங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடுவோம். தீவில் எங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், எந்தப் பெட்டியிலும் நாங்கள் இல்லை.

#12 ரோஸ்ஹில்

செம்மண் அண்ணா, அந்தப் பெண் சொன்னதில் இருக்கிற வலிக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நான் அனுபவத்தில் கண்டது.

1835 பிப்ரவரி 1-இல் அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கு மேல் அடிமைகள். பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ இருபது லட்சம் பவுன் இழப்பீடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் கரும்புக் காட்டை விட்டு வெளியேறுவார்கள் என்று தெரிந்து, முந்தைய ஆண்டே, 1834 நவம்பர் 2-இல், அட்லஸ் என்ற கப்பலில் 36 இந்தியர்களை இறக்கினார்கள். அதிலிருந்து 1920 வரை நாலரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 1861 கணக்கெடுப்பிலேயே தீவில் பத்துக்கு ஆறு பேர் இந்தியர். முப்பது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் மக்கள்தொகை இப்படித் தலைகீழானது.

அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எந்தக் கப்பல், எந்த ஊர், தகப்பன் பெயர், சாதி, உடலில் தழும்பு எல்லாம் பதிவேட்டில் இருக்கும். 1860-களிலிருந்து புகைப்படமும் உண்டு. இவை மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நான் போய்க் கேட்டேன். என் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் வந்த கப்பலும் அவர் மாவட்டமும் ஒரே காலையில் கிடைத்துவிட்டன. பழைய தென்னார்க்காடு. என்னோடு வந்த நண்பன் கிரியோல். வெளியே மரத்தடியில் காத்திருந்தான். அவன் குடும்பத்துக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது. அடிமைப் பதிவுகளில் முதலாளி வைத்த பெயர் இருக்கும், 'மொசாம்பிக்' என்றோ 'மால்காஷ்' (மடகாஸ்கர்காரர்) என்றோ ஒரு சொல் இருக்கும். ஊர் இருக்காது, தகப்பன் பெயர் இருக்காது. திரும்பி வரும்போது என் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னான். வழியெல்லாம் எனக்குக் குற்றமாக இருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய ஆப்பிரவாசி காட் 2006-இலும், தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலை 2008-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. நவம்பர் 2, பிப்ரவரி 1 இரண்டும் எங்களுக்கு விடுமுறை நாள். சுவர்ப்படத்தில் இரண்டு படமும் இருக்கட்டும் ஐயா.

#13 சோழநாடன்

தம்பி, மேலே #3-இல் அவசரப்பட்டுவிட்டேன். தமிழர் எத்தனை என்று மட்டும் பார்த்தேன். மன்னிக்கவும்.

ஒரு கேள்வி. இவ்வளவு சிக்கல் இருக்கிறதென்றால், எல்லோரும் மொரீஷியஸ்காரர் என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் என்ன? யாரும் முயலவில்லையா?

#14 எண்ணிக்கை

முயன்றார்கள். 2005 தேர்தலில் 'ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ்' என்ற இடதுசாரி இயக்கத்தின் வேட்பாளர்கள், மனுவில் கட்டாயமாக எழுத வேண்டிய தங்கள் சமூகத்தை எழுத மறுத்தார்கள். மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2012-இல் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1972 கணக்கைப் புதுப்பிக்காமல், சமூகத்தை மட்டும் எழுதச் சொல்வது நியாயமில்லை என்பது அதன் சாரம். 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் வந்தது: எழுதாமலும் நிற்கலாம், ஆனால் பெஸ்ட் லூசர் இடத்துக்குத் தகுதி கிடையாது. நிரந்தர மாற்றம் வரவில்லை.

நான் அந்த இயக்கத்தின் பக்கம் சாய்கிறேன். ஆனால் எதிர்வாதத்தையும் மதிக்கிறேன். பெஸ்ட் லூசரை எடுத்துவிட்டால் போர்ட் லூயிஸ் முஸ்லிம்களுக்கு என்ன உத்தரவாதம்? பிரதமர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைக்குப் பிறகு போஜ்புரி இந்துக் குடும்பங்களைச் சேராத ஒரே பிரதமர் போல் பெராஞ்ஜே, 2003 முதல் 2005 வரை. குடியரசுத் தலைவர் பதவியில் முஸ்லிமான காசம் உதீம் பத்தாண்டு இருந்தார், தமிழரான அங்கிடி செட்டியார் துணைத் தலைவராக இருந்தார். அதிகாரம் குறைந்த நாற்காலிகளில் பங்கு சுலபமாகக் கிடைக்கிறது.

#15 உட்லண்ட்ஸ்

எங்கள் ஊரிலும் இந்த வாதம் உண்டு. 1988-இலிருந்து, பலர் ஒரே அணியாகச் சேர்ந்து நிற்கும் குழுத் தொகுதியில் ஒரு சிறுபான்மையினர் கட்டாயம். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்கள் தமிழ் உறுப்பினர்களில் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் பெட்டி வேண்டாம் என்று சட்டென்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் எங்கள் பெட்டியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை திறந்து எண்ணுகிறார்கள். மொரீஷியஸில் ஆணி அடித்து வைத்துவிட்டார்களே, அதுதான் ஆச்சரியம்.

மொழியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எல்லோரும் கிரியோல்தான் பேசுகிறார்கள் என்றால் அதை வைத்து ஒரு நாடு ஆகிவிட முடியாதா?

#16 ரோஸ்ஹில்

அக்கா, நடைமுறையில் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. வீட்டு மொழி கிரியோல் என்று சொன்னவர்கள் 2000-இல் 70 சதவீதம், 2011-இல் 84, 2022-இல் 90. போஜ்புரி 2000-இல் 12 இருந்தது, இப்போது 5. சந்தையில், பேருந்தில், காதலில், சண்டையில் எல்லாம் கிரியோல்தான்.

ஆனால் பள்ளியில் என்ன ஆயிற்று பாருங்கள். 2012-இல் கிரியோல் மொழியைத் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாக வைத்தார்கள், நல்ல காரியம். வைத்த இடம்தான் இடிக்கிறது. இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம் இருக்கிற அதே பாடவேளையில் வைத்தார்கள். அதனால் தமிழ்ப் பிள்ளை தமிழ் வகுப்புக்குப் போகும், கிரியோல் பிள்ளை கிரியோல் வகுப்புக்குப் போகும். எல்லோருக்கும் பொதுவான மொழி, ஒரு சமூகத்தின் முன்னோர் மொழியாகச் சுருங்கிவிட்டது. என் மகளைத் தமிழுக்குத்தான் அனுப்புகிறேன். இரண்டையும் படிக்க விட்டிருந்தால் இரண்டுக்கும் அனுப்பியிருப்பேன்.

#17 வைகைக்கரை

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வட்டப்படத்தை எடுத்துவிட்டோம். பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்று நீளப் பட்டை. முதல் பட்டையில் '1972-இல் எந்தச் சமூகம் என்று கேட்டபோது', இரண்டாவதில் '2011-இல் என்ன மதம் என்று கேட்டபோது', மூன்றாவதில் '2022-இல் வீட்டில் என்ன மொழி என்று கேட்டபோது'. கேள்வியைப் பெரிய எழுத்தில், எண்ணைச் சின்ன எழுத்தில் எழுதினார்கள். பொதுப் பிரிவு என்ற துண்டுக்கு மட்டும் நிறம் தீட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "உள்ளே யார் எத்தனை பேர் என்று தெரியாதே சார்" என்றாள் அந்த முதல் மாணவி.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் வரைபடத்தைப் பார்த்து, "இந்தத் தனிப் புள்ளி யாருடையது?" என்று ரோட்ரிக்ஸைக் காட்டினான். அங்கேயும் இதே கணக்குத்தானா?

#18 செம்மண்

இல்லை ஐயா. அங்கே ஒருமுறை ஒரு வாரம் போயிருந்தேன். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிரியோல், பெரும்பாலும் கத்தோலிக்கர். கரும்பு இல்லை, அதனால் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டமும் வரவில்லை. மக்காச்சோளம், பீன்ஸ், வெங்காயம், ஆடு மாடு, ஆக்டோபஸ் பிடிப்பது. 2002-இலிருந்து தனி மண்டலப் பேரவை இருக்கிறது. பெரிய தீவில் பொதுப் பிரிவு என்ற பெட்டிக்குள் மறைந்திருக்கிறவர்கள் இங்கே வரும்போதுதான் பெரும்பான்மையாகத் தெரிகிறார்கள். போர்ட் மத்தூரின் சனிக்கிழமைச் சந்தையில் மிளகாய் ஊறுகாய் விற்ற பெண்மணியிடம், நீங்கள் மொரீஷியஸ்காரரா என்று கேட்டேன். "ரோட்ரிக்ஸ்காரி" என்றார்.

அந்தப் பையனுக்குச் சொல்லுங்கள், அந்தப் புள்ளிக்கும் ஒரு பட்டை வரையலாம்.